பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைகள்

தாஷ்-கெச்சூ,
அக்டோபர் 6

அன்புள்ள ஜிபார் அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய கம்பளிக் காலுறை வந்தது. அம்மா போட்டுப் பார்த்துவிட்டு, "புருலுக்குப் பெரிசா இருக்கும், எனக்குத்தான் அளவு சரியா இருக்கு" என்று எடுத்துக்கொண்டாள். எனக்கென்று இன்னொரு ஜோடி அனுப்பினால் அதையும் அவளே போட்டுக்கொள்வாள். அதனால் வேண்டாம்.

குரலில் பதிவு செய்து அனுப்பு என்கிறீர்கள். என்னால் முடியவில்லை அக்கா. ஒரு தடவை போனை வாயருகே வைத்து முயன்றேன். "அக்கா" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது மட்டும்தான் பதிவானது. அதனால் எழுதி, மினிபஸ் ஓட்டும் தோலோத் அண்ணனிடம் கொடுத்து விடுகிறேன். "போன் இருக்கிற காலத்துல காயிதமா? பிஷ்கெக்ல யாரு அந்தப் பையன்?" என்று வண்டி நிறைய ஆட்கள் இருக்கும்போது கேட்டார். நான் ஓடி வந்துவிட்டேன்.

பட்டறையில் நடப்பதை அப்படியே எழுதச் சொல்லியிருந்தீர்கள். உங்கள் அப்பாவின் பட்டறையைப் பற்றி உங்களுக்கே நான் எழுத வேண்டுமா என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் நினைத்தேன், நீங்கள் தலைநகருக்குச் சட்டம் படிக்கப் போன பிறகு பெரியப்பா ஆரம்பித்தது அது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று அதற்குள் போனேன்.

கடற்கரை விடுதிகளிலிருந்தும் நகரத்திலிருந்தும் காலி பாட்டில்கள் கட்டுக் கட்டாக வரும். (கடற்கரை என்று எழுதிவிட்டேன், ஏரிக்கரை. இங்கே எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம்.) மூடியைக் கழற்றி, நீலம், பச்சை, வெள்ளை என்று பிரிப்போம். அரவை மெஷினில் போட்டால் சில்லு சில்லாக வரும். அந்தச் சில்லைக் காஸ்டிக் சோடா போட்ட வெந்நீரில் கழுவி, மறுபடி குளிர்ந்த தண்ணீரில் அலசி, காயவைத்து மூட்டை கட்டுவோம். பெரிய சில்லு தொட்டியில் தங்கும். அரைக்கும்போது உண்டாகிற தூள் தங்காது. அது அலசிய தண்ணீரோடு பின்பக்கக் குழாய் வழியாக வாய்க்காலில் விழும். நீலப் பாட்டில் அரைக்கும் நாளில் வாய்க்கால் ஓரத்துப் புல்லெல்லாம் நீல மாவு பூசிய மாதிரி இருக்கும்.

அந்த வாய்க்கால்தான் எங்கள் தெரு வழியாக ஏரிக்குப் போகிறது. எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வராது என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா வாய்க்கால் தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டித்தான் டீ போடுகிறாள். துணியில் அந்த மாவு ஒட்டும். துணியில் ஒட்டாமல் போவது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் டீ குடிக்கும்போது அதைத்தான் நினைக்கிறேன்.

இதெல்லாம் நீங்கள் எழுதும் ஏரிச் சட்டத்துக்கு உதவுமா என்று தெரியவில்லை. உதவாவிட்டால் கிழித்துப் போடுங்கள்.

உங்கள் தங்கை,
புருல்


பிஷ்கெக்,
அக்டோபர் 19

என் கண்ணே புருலுக்கு,

கிழிப்பதா! உன் கடிதத்தை எங்கள் நாடாளுமன்றக் குழுவின் தலைவர் ஜெய்னெப் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நம்ம நிபுணர்கள் நாப்பது பக்கம் எழுதியும் எனக்கு ஒண்ணும் புரியல. இந்தப் பொண்ணு ஒரு துணியைக் காட்டிப் புரிய வெச்சுட்டா. யாரு இது?" என்றார். என் ஊர்ப் பெண் என்று மட்டும் சொன்னேன்.

மசோதாவில் இதுவரை விடுதிச் சலவைக்கூடங்களும் பெரிய ஆலைகளும்தான் இருந்தன. நேற்று ஏழாம் பிரிவைச் சேர்த்தோம்: பிளாஸ்டிக்கை அரைக்கும், கழுவும் எந்த இடமும் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, தூளைப் படியவிட்டு, வடிகட்டிய பிறகே வெளியே விடவேண்டும். எழுதியது நான். எழுதவைத்தது நீ.

இனி இது எப்படிப் போகும் என்று கேட்டிருக்க மாட்டாய், ஆனால் மனசுக்குள் கேட்பாய். முதலில் மசோதாவை ஊர் முழுக்கத் தெரியும்படி வெளியிடுவோம். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். ஏரிக்கரை ஊர்களில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். அப்புறம் குழு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக ஓட்டுக்கு விடும். அதன் பிறகு சபையில் மூன்று வாசிப்பு. கடைசியில் கையெழுத்து. ஒவ்வொரு படியிலும் யாராவது ஒரு வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்ப்பார்கள். சந்தையில் பை தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரிதான் என் பிழைப்பு, கண்ணை எடுத்தால் போச்சு.

அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே. நானே வந்து சொல்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு. சித்தியிடம் சொல், அவளுக்குத் தனியாகக் காலுறை வாங்கிவிட்டேன்.

உன் அக்கா,
ஜிபார்


தாஷ்-கெச்சூ,
நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் வந்து சொல்வதற்குள் தோலோத் அண்ணன் சொல்லிவிட்டார். மினிபஸ்ஸில் யாரோ ஒரு பயணி போனில் மசோதாவைக் காட்டினாராம்.

நேற்று மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா உள்ளே வந்து மின்சாரத்தை நிறுத்தினார். எல்லாரும் நிமிர்ந்தோம்.

"இங்க எத்தனை பேர் இருக்கீங்க?"

அவரே விரல் நீட்டி எண்ணினார். "ஒன்பது. என்னோட பொண்ணு ஒன்பது வீட்டு அடுப்பில தண்ணி ஊத்தறா. தொட்டி கட்டணுமாம், வடிகட்டணுமாம். யாரு காசு? அவளோட சபையா குடுக்குது?"

"உங்க பொண்ணு நல்லதுக்குத்தான்..." என்று அப்பா ஆரம்பித்தார். பட்டறை லாரி ஓட்டுகிறவர், அண்ணனை எதிர்த்துப் பேசியே பழக்கமில்லாதவர்.

"நல்லது! நான் பாட்டிலைப் பொறுக்காட்டி அது எங்க கிடக்கும்? முழுசா ஏரியிலதான் கிடக்கும். ஊரைச் சுத்தம் பண்றவனுக்குப் பூட்டு, தூக்கி எறியறவனுக்கு ஒண்ணுமில்ல. அதுவும் நல்லதுதான்."

அவர் சொல்வதிலும் பாதி உண்மை அக்கா. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பிறகு என் பக்கம் திரும்பி, "ஏண்டி ஊமை, பட்டறைக்குள்ள நடக்கறதெல்லாம் பிஷ்கெக்ல இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டாரா, சும்மா திரும்பினாரா என்று தெரியவில்லை. நான் மூடி கழற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு மூடி நழுவி உருண்டு அவர் பூட்ஸில் போய் நின்றது. குனிந்து எடுத்து என் கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

இன்று காலை உங்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். இந்தக் கடிதமும் அதே வண்டியில்தான் வருகிறது. தோலோத் அண்ணனிடம் சட்டைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

நான் எழுதியது அவருக்குத் தெரியுமா? எனக்குப் பயமாக இருக்கிறது.

புருல்


பிஷ்கெக்,
நவம்பர் 21

புருலுக்கு,

தெரியாது. நான் சொல்லவில்லை. பயப்படாதே.

அப்பா இரண்டு இரவு என் அறையில் தங்கினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஒற்றைக் கட்டிலில் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு, தரையில் கோட்டை விரித்துப் படுத்தார். "உன்னைச் சட்டம் படிக்க வெச்சது எந்தத் தண்ணின்னு உனக்குத் தெரியுமில்ல?" என்று ஒரே ஒரு முறை கேட்டார்.

குழுவிலும் ஏழாம் பிரிவுக்கு எதிர்ப்பு பலமாக இருக்கிறது. ஏரிக்கரைத் தொகுதி உறுப்பினர்கள் நாலைந்து பேர், "சின்னப் பட்டறைக்காரன் வயித்தில அடிச்சா மொத்த மசோதாவையும் கவுத்துடுவோம்" என்கிறார்கள். ஜெய்னெப் அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஒரு வழி பாரு" என்றார். பார்த்தேன். ஏழாம் பிரிவின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைகளுக்கு இப்பிரிவு பொருந்தாது.

இப்போது உனக்குக் கோபம் வரும். கேள். சட்டம் என்பது முதல் நாளே முழுசாக வருவதில்லை. இன்றைக்கு விடுதிகளும் ஆலைகளும் மாட்டட்டும். மூன்று நான்கு வருடம் கழித்துத் திருத்தம் கொண்டுவரலாம். ஒன்றுமே இல்லாமல் போவதைவிட இது மேல்.

டிசம்பர் 12-ல் நம் ஊரிலேயே கருத்துக் கேட்புக் கூட்டம். இரண்டு அதிகாரிகள் வருவார்கள். நான் வரவில்லை. வருவது சரியாக இருக்காது.

உன் அக்கா,
ஜிபார்


தாஷ்-கெச்சூ,
நவம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். கோபம் மூன்றாவது தடவைதான் வந்தது. எனக்கு எல்லாமே தாமதமாகத்தான் வரும்.

பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது? பெரியப்பா விரல் நீட்டி எண்ணியதை நானே உங்களுக்கு எழுதினேன். ஒன்பது பேர் என்று தெரிந்துகொண்டுதான் பத்து என்று போட்டீர்களா? பதினொரு பேர் இருந்திருந்தால் பன்னிரண்டு என்று போட்டிருப்பீர்களா?

நீங்கள் வீட்டுக்கு மூத்தவர், படித்தவர். நான் இப்படி எழுதக் கூடாது. ஆனால் விடுதிச் சலவைத் தண்ணீர் எங்கள் தெரு வழியாக வருவதில்லை. எங்கள் தெரு வழியாக வருவது பெரியப்பா பட்டறைத் தண்ணீர். மூன்று நான்கு வருடம் என்று எழுதுவது சுலபம். இந்த வாரமும் நீலம்தான் அரைக்கிறோம்.

பட்டறையை மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூடினால் அப்பாவும் நானும் எங்கே போவோம்? தொட்டி கட்டட்டும் என்கிறேன். அதற்குச் சட்டம் சொல்லாமல் பெரியப்பா கட்டமாட்டார். உங்களுக்கும் அது தெரியும்.

நான் 12-ம் தேதி பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். மெஷின் ஓடும்போது பேசிப் பழகுகிறேன். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கே கேட்காது. இன்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு முறை சொல்லிவிட்டேன்.

உங்கள் தங்கை,
புருல்


பிஷ்கெக்,
டிசம்பர் 17

என் கண்ணே புருல்,

கூட்டக் குறிப்பு வந்துவிட்டது. நாற்பத்தோரு பேர் வந்திருக்கிறார்கள். "சிறு பட்டறை விலக்குக்கு ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கப்படவில்லை" என்று எழுதியிருக்கிறது. கீழே கையெழுத்துகள்.

வாய் வரவில்லையா? அதனால் என்ன? அத்தனை பேர் நடுவில் யாருக்குத்தான் வரும்? அதற்காக அழுதுகொண்டிருக்காதே. உண்மையைச் சொல்லட்டுமா, எனக்கு ஒரு பாரம் இறங்கியது. அப்பாவுக்கு எதிரே நீ நிற்பதை நினைத்து இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை. இது இப்படியே முடிந்ததும் நல்லதுக்குத்தான்.

ஒரு ஜோடி கையுறை அனுப்பியிருக்கிறேன். அது உனக்கு. சித்தியிடம் காட்டாதே.

உன் அக்கா,
ஜிபார்


தாஷ்-கெச்சூ,
டிசம்பர் 20

ஜிபார் அக்காவுக்கு,

எனக்கு வாய் வந்தது. அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

கூட்டம் பள்ளிக்கூடத்தில் என்றுதான் அறிவிப்பில் இருந்தது. காலையில் பெரியப்பா, "குளிர்ல விருந்தாளிகளை மரப் பெஞ்சில உக்கார வெக்கறதா? என் வீட்டில ஆடு அறுத்திருக்கு" என்று எல்லாரையும் உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய அறையில் விரிப்பு போட்டு, ரொட்டி, ஜாம், பொரித்த மாவுத் துண்டு, உலர்பழம் எல்லாம் நிறைத்திருந்தார்கள். அதிகாரிகள் இரண்டு பேரையும் மேல் பக்கம் உட்காரவைத்து, கண்ணாடி போட்டவருக்கு முதல் விருந்தாளி மரியாதையாக ஆட்டுத் தலையைக் கொடுத்தார்கள். அவர் நகரத்திலேயே பிறந்தவர் போலிருக்கிறது. தலையைக் கையில் வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். மமித் பெரியவர் கத்தியை வாங்கிக் காதை அறுத்துக் கொடுத்தார்.

டீ ஊற்ற என்னைத்தான் உட்காரவைத்தார்கள். கிண்ணம் நீட்டும்போது கண்ணாடிக்காரரிடம் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

"ஐயா, எனக்கு அந்தப் பத்துப் பேர் வரியைப் பத்திப் பேசணும்."

"ஓ, தாராளமா பேசும்மா. சாப்பாடு முடியட்டும், அப்புறம் எல்லாரும் பேசலாம்" என்றார்.

அவர் நல்லவர்தான். சாப்பாடு முடிந்தால் அப்புறம் என்று ஒன்று நம்மிடம் இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெரிய மனிதர் சொல்கிறார், காத்திரு என்று காத்திருந்தேன்.

கறி முடிந்து சூப் வந்தது. பெரியப்பா எழுந்து பேசினார். பட்டறை, ஒன்பது குடும்பம், பிள்ளைகள், எல்லாம். நன்றாகத்தான் பேசினார். பேசி முடித்த மூச்சிலேயே மமித் பெரியவரைப் பார்த்தார். அவர் இரண்டு கையையும் ஏந்தி ஆசி சொல்ல ஆரம்பித்துவிட்டார். வந்தவர்களுக்கு நல்ல பயணம், இந்த வீட்டுக்குக் குறைவில்லாத விரிப்பு, ஊருக்கு ஒற்றுமை. நாற்பது பேரும் கையேந்தி, முகத்தைத் தடவி, எழுந்துவிட்டார்கள். கண்ணாடிக்காரரும் எழுந்தார்.

பிஷ்கெக்கில் இருந்து நீங்கள் மறந்திருந்தால் சொல்கிறேன். ஆசி சொன்ன பிறகு விரிப்பில் உட்கார்ந்து பேசிய யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? நான் டீக் கெண்டியோடு நின்றுகொண்டு, "ஐயா, நான் பேசணும்" என்றேன். பெரியம்மா என் முழங்கையைப் பிடித்து, "பெரியவர் சொன்னதுக்கு மேல நீ என்னடி சொல்லப்போறே?" என்றாள். அதற்குள் வெளியே பூட்ஸ் மாட்டும் சத்தம். கையெழுத்தை வாசலில் நின்றபடியே வாங்கினார்கள்.

ஆட்சேபணை தெரிவிக்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறதா? தெரிவிக்க விடவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குப் பாரம் இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது இறங்கி எங்கே போனது என்று நினைக்கிறீர்கள்?

நான் பேச நினைத்ததை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். எழுத்தில் வரும் ஆட்சேபணையைக் குழு வாசித்தே ஆகவேண்டும் என்று நீங்களே ஒரு முறை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. கோப்பில் சேர்த்துவிடுங்கள். சேர்க்க மனமில்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். வைத்துக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள்.

கையுறைக்கு நன்றி. அம்மா பார்த்துவிட்டாள்.

புருல்


பிஷ்கெக்,
டிசம்பர் 27

புருல்,

சேர்த்துவிட்டேன். உன் பெயரையும் கையெழுத்தையும் எடுத்துவிட்டு, "தாஷ்-கெச்சூ வாசி ஒருவர்" என்று தட்டச்சு செய்து சேர்த்தேன். அந்தத் தாளை ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உன் பெயர் இருந்தால் மறுநாள் உனக்கும் சித்தப்பாவுக்கும் வேலை இருக்காது. உன் நல்லதுக்காகத்தான் செய்தேன்.

புத்தாண்டுக்கு வரமுடியவில்லை. அப்பாவிடம் வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜிபார்


தாஷ்-கெச்சூ,
ஜனவரி 24

ஜிபார் அக்காவுக்கு,

இன்று ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார்கள். மசோதா பற்றி எங்கெங்கிருந்து என்னென்ன வந்தது, என்ன ஆனது என்று. நம் ஊர்ப் பெயருக்கு எதிரே ஒரே வரி: "ஒரு மனு. கையொப்பமில்லாததால் பரிசீலிக்கப்படவில்லை."

பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். தோலோத் அண்ணன் வண்டியிலிருந்து இறங்கி வந்து, "என்ன பாப்பா, கல்யாணச் சேதியா ஒட்டியிருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் வண்டிக்குத் திரும்பிவிட்டார்.

கையெழுத்து இல்லாத தாள் செல்லாது என்று எனக்குத் தெரியாது. நான் ஒன்பதாம் வகுப்பு. உங்களுக்குத் தெரியாதா அக்கா?

இதற்குப் பதில் எழுத வேண்டாம். தெரியும் என்று எழுதினாலும் தெரியாது என்று எழுதினாலும் எனக்கு ஒன்றுதான். நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள் என்று நம்ப ஆசையாக இருக்கிறது. நம்ப முடியவில்லை.

நானே மறுபடி எழுதினேன். பெயர், வயது, அடையாள அட்டை எண், வேலை செய்யும் இடம், கையெழுத்து எல்லாம் போட்டு, பக்கத்து நகரத்துத் தபால் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் நேரே குழுவுக்கு அனுப்பிவிட்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த தபால்கார அம்மா, "என்ன இது, காதல் கடிதமா, இவ்வளவு கனமா?" என்றாள். "ஆட்சேபணை" என்றேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 4-ல் குழு உட்காருகிறது என்று அதே பலகையில் போட்டிருக்கிறது. அதற்கு முன்னால் பெரியப்பாவுக்கு நீங்கள் சொல்வதானால் சொல்லிக்கொள்ளுங்கள். வேறு யார் சொல்லியோ அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. அதற்காகத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் லாரிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அனுப்பிட்டியா? அப்ப சரி" என்றார்.

புருல்


பிஷ்கெக்,
பிப்ரவரி 6

புருலுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றாய். அதற்கு எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன். உனக்கு அது தெரிய வேண்டும்.

4-ம் தேதி குழுவில் பதினோரு பேரும் வந்திருந்தார்கள். ஆட்சேபணைகளை வாசிப்பது என் வேலை. ஆறாவதாக உன் உறை. பிரித்ததும் கையெழுத்தைப் பார்த்தேன். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

"என் பெயர் புருல். வயது பதினேழு. நான் பாட்டில் அரைக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். எங்கள் பட்டறையில் ஒன்பது பேர். எங்கள் ஊரில் இருக்கும் இன்னொரு பட்டறையில் ஆறு பேர். ஏரியைச் சுற்றி எங்கள் லாரி போகும் எந்த ஊரிலும் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை இல்லை என்று என் அப்பா சொல்கிறார். அப்படியானால் ஏழாம் பிரிவு யாருக்கு?" அந்த இடம் வரை நிறுத்தாமல் வாசித்தேன். வாய்க்கால், வடிகட்டும் துணி, சாப்பாட்டுக்குப் பிறகு பேசலாம் என்று சொல்லப்பட்டது, ஆசி, எல்லாம் வாசித்தேன். ஆசி என்றதும் கிராமத்திலிருந்து வந்த உறுப்பினர்கள் நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவர்களுக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை.

ஏரிக்கரை உறுப்பினர் ஒருவர், "இதெல்லாம் பதினேழு வயசுப் பொண்ணு எழுதறதா? எவனோ ஆலைக்காரன் எழுதிக் குடுத்திருக்கான். அப்படி ஒரு பொண்ணு இருக்காளான்னே சந்தேகம்" என்றார்.

ஜெய்னெப் அம்மா சுற்றிப் பார்த்தார். "மனுதாரரை இங்க யாருக்காவது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லவேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும். சும்மா இருக்கத்தான் நினைத்தேன். கை தானாக மேலே போனது.

"என் சித்தப்பா பொண்ணு. எழுதினது அவதான். பட்டறை என் அப்பாவோடது. அந்தப் பத்துப் பேர் வரியை எழுதினது நான்."

பிறகு அதே உறுப்பினர், "அப்ப நீங்க இந்த மேஜையிலயே உக்காந்திருக்கக் கூடாது" என்றார். "ஆமா" என்றேன். சுவரோரம் போய் நின்றுகொண்டேன். ஜெய்னெப் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "அந்த விலக்கை நீக்குறதுக்கு யார் யார் ஆதரவு?" என்று கேட்டார். ஐந்து கை. கடைசியில் அவரும் கையைத் தூக்கினார். ஆறு. எதிர்த்து ஐந்து.

வரி போய்விட்டது. தொட்டி கட்ட ஆறு மாத அவகாசம் என்று சேர்த்திருக்கிறார்கள். சபையில் இன்னும் மூன்று வாசிப்பு பாக்கி. மறுபடி யாராவது பிடுங்கலாம். அதைக் காத்துக்கொண்டு நான் அந்த மேஜையில் இருக்கமாட்டேன். மறுநாளே என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், கால்நடைத் தீவன விதிகள். ஜெய்னெப் அம்மா நடைவழியில் என்னை நிறுத்தி, "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?" என்றார். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு 3-ம் தேதியே போன் செய்து, உன் மனு வருகிறது, வாசிக்கப்போவது நான்தான் என்று சொன்னேன். முழுசாகக் கேட்டார். "நீயுமா" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை, புருல். பெயரை எடுத்தபோது உன் வேலையைத்தான் நினைத்தேன் என்று சத்தியம் செய்வேன். அந்தத் தாள் நிற்காது என்று தெரிந்த ஒரு மூலையும் என் தலையில் இருந்தது. இரண்டும் ஒரே கையால்தான் நடந்தன.

ஊருக்கு வரலாமா என்று அப்பாவிடம் கேட்க முடியாது. உன்னிடமும் கேட்கவில்லை. எனக்கு எழுதாவிட்டாலும் நன்றாகச் சாப்பிடு.

ஜிபார்


தாஷ்-கெச்சூ,
மார்ச் 2

அன்புள்ள ஜிபார் அக்காவுக்கு,

உடனே எழுதவில்லை. எனக்கு எல்லாமே தாமதமாகத்தான் வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

பிப்ரவரி 5-ம் தேதியே என்னைப் பட்டறைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெரியப்பா நேரில் சொல்லவில்லை. வேறொரு ஆளிடம் சொல்லி அனுப்பினார். அப்பாவை நிறுத்தவில்லை. ஆனால் இருவரும் பேசிக்கொள்வதில்லை. எங்கே போகவேண்டும் என்பதைத் தாளில் எழுதி லாரிக் கண்ணாடியில் ஒட்டிவைக்கிறார். அதைப் பார்த்து அப்பா வண்டியை எடுக்கிறார். ஊரில் சிலர் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. எங்கள் தெருவில் முன்பு சொல்லாதவர்கள் சிலர் இப்போது சொல்கிறார்கள். எனக்கு இரண்டுமே சங்கடமாக இருக்கிறது. ரொட்டி சுடும் கடையில் காலையில் மாவு பிசையப் போகிறேன். அங்கே பேசவேண்டியதில்லை.

மூன்றாம் வாசிப்பும் முடிந்துவிட்டது என்று பலகையில் ஒட்டினார்கள். ஏழாம் பிரிவைத்தான் முதலில் தேடினேன். அந்த வரி இல்லை. கீழே மேலே எல்லாம் பார்த்தேன், வேறெங்கும் ஒளிந்திருக்கவும் இல்லை. கையெழுத்து மட்டும் பாக்கி.

பட்டறை இன்னும் ஓடுகிறது. தண்ணீர் இன்னும் வருகிறது. பெரியப்பா பட்டறையை விற்கப்போகிறார், மலைக்கு அந்தப் பக்கம் போகப்போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. மெஷினைப் பார்க்க யாரோ வந்ததும் உண்மை. அவர் போனால் அந்த எட்டுப் பேரும் என் வாசலைத்தான் பார்ப்பார்கள்.

நேற்று மத்தியானம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா இல்லை. அம்மா டீ ஊற்றினாள். அவர் உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றவில்லை. கிண்ணத்தை வாங்கி உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். குடிக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"அந்தத் தொட்டி," என்றார் சுவரைப் பார்த்து. "எவ்வளவு ஆழம்னு போட்டிருக்கு?"

"ஆழம் எதுவும் பலகையில போடல பெரியப்பா. விதிகள் தனியா வருமாம்."

"ஒரு தொட்டி போதுமா, ரெண்டா?"

"தெரியல."

"ஊருக்கே சட்டம் போட்டுட்டு, தெரியலயாம்." தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். "எழுதத்தான் தெரியுதே உனக்கு. கேட்டு எழுது."

வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். "நான் கேட்டேன்னு எழுதாத."

எழுதவில்லை அக்கா. நான்தான் கேட்கிறேன். எவ்வளவு ஆழம்? ஒன்றா, இரண்டா? தீவனப் பிரிவில் இருந்தாலும் யாரிடமாவது கேட்டுச் சொல்லுங்கள். எழுதி அனுப்பினால் வந்து சேர ஒரு வாரம் ஆகும், அதற்குள் உறைந்த மண் இளகிவிடும், தோண்டத் தொடங்கவேண்டும். நேரில் வந்தே சொல்லிவிடுங்கள்.

உங்கள் தங்கை,
புருல்